ராஜலட்சுமியும் சராசரிக்குக் குறைந்த புயல்களும்

மட்டாஞ்சேரியிலிருந்து மணி கூப்பிட்டபோது நான் அலுவலகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "காலம்பற சாயா கேட்டா. போட்டுண்டு வர்றதுக்குள்ளே போயிட்டா" என்றார். அவர் மனைவி ராஜலட்சுமி, நம் ராஜி, நெடுநாளாகப் புற்றுநோயோடு கிடந்தாள். எதிர்பார்த்த செய்திதான். எதிர்பார்த்திருந்தது எந்த விதத்திலும் உதவவில்லை.

வானிலை ஆய்வுப் பிரிவில் அவளோடு ஒரே அறையில் வேலை பார்த்தவள் நான். ஒவ்வொரு புயல் பருவமும் முடிந்தபின் அதை நீண்டகாலச் சராசரியோடு ஒப்பிட்டு அறிக்கை எழுதுவது எங்கள் வேலை. எத்தனை புயல்கள் உருவாயின, எவ்வளவு வலுத்தன, எத்தனை நாள் கடலில் நீடித்தன, முப்பது ஆண்டுச் சராசரிக்கு மேலா கீழா. "சராசரிங்கறது ஒருத்தரும் வாழ்ந்து பார்க்காத வருஷம்" என்பாள் ராஜி. உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

ஒரு வருடம் அரபிக்கடலில் புயல்கள் சராசரியைவிடக் குறைவு. ஆனால் வந்தவற்றில் ஒன்று ஒரே பகலில் யாரும் நினைக்காத அளவு வலுத்து, தோப்பும்படியிலிருந்து மீன்பிடிக்கப் போயிருந்த படகுகளைப் பிடித்துக்கொண்டது. ராஜி அறிக்கையில் 'சராசரிக்குக் கீழான பருவம்' என்று எழுதினாள். கணக்கு சரிதான். ஒரு பத்திரிகை அதைக் 'கடல் அமைதியாக இருந்த ஆண்டு' என்று போட்டது.

பிறகு துறைமுகத்துப் பக்கம் நடந்த மீனவர் கூட்டத்துக்கு எங்களை அழைத்தார்கள். கும்பளங்கியைச் சேர்ந்த ஷீபா எழுந்து நின்றார். அவர் கணவர் போன படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. "கடல் சாந்தமாயிருந்நூந்நு எழுதியது ஆரா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. அது பத்திரிகைக்காரர் எழுதியது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். ராஜி என் கையை அழுத்திவிட்டு எழுந்தாள். "ஞானா சேச்சி" என்று, எழுதியது நான்தான் அக்கா என மலையாளத்திலேயே ஒப்புக்கொண்டாள். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஷீபா அவளைப் பார்த்துக்கொண்டே நின்று, பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் அவா" என்றாள் ராஜி, திரும்பும்போது பஸ்ஸில்.

அடுத்த அறிக்கையில் முதல் பத்தியை மாற்றினாள். எந்தப் புயல் எங்கே தாக்கியது, எத்தனை வீடுகளுக்கு ஆள் திரும்பவில்லை என்பது முதலில். சராசரி அதற்குப் பிறகு. அந்தப் பத்தி வெட்டப்பட்டுத் திரும்பியது. "இது இரங்கல் குறிப்பு இல்லையே" என்றார் எங்கள் மேலதிகாரி. அவரும் கெட்டவர் அல்ல. மறு வருடமும் எழுதினாள், வெட்டினார்கள். அதற்கடுத்த வருடமும் அப்படியே. அந்தப் பத்தி ஒரு தடவைகூட அச்சேறவில்லை. அவள் போராடி வென்றாள் என்று இரங்கல் கூட்டத்தில் யாரோ பேசினார்கள். வெல்லவில்லை.

அவளை உடைத்தது வேறொன்று. வழக்கம்போல் சராசரியைப் புதுப்பித்தார்கள். பழைய பத்தாண்டு கழிந்து, அரபிக்கடலில் புயல்கள் மிகுந்த புதிய பத்தாண்டு கணக்கில் சேர்ந்தது. முன்பு 'அதிகம்' என்று எழுதிய அளவு இப்போது 'இயல்பு' ஆயிற்று. "இனி எவ்வளவு அடிச்சாலும் இயல்புன்னு எழுதிடலாம், பார்த்தியா" என்றாள். அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

கடைசியாகப் பார்க்கப் போனபோது சன்னல் சாத்தியிருந்தது. தெருவின் மசாலா வாடை அவளுக்குக் குமட்டுகிறது என்றார் மணி. பேச ஏதாவது வேண்டுமே என்று, "இந்தப் பருவமும் சராசரிக்குக் கீழேதான் ராஜி" என்றேன்.

கண்ணைத் திறக்காமல், "யாருக்கு?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை.

உடலை எடுப்பதற்கு முன் ஷீபா வந்தார். ராஜியின் காலடியில் நின்று, "எனிக்கு இதும் கிட்டியில்லல்லோ" என்றார். தனக்கு ஓர் உடல்கூடக் கிடைக்கவில்லையே என்று.

ராஜியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது 'யாருக்கு?' என்ற அந்த ஒற்றைக் கேள்விதான். இந்த ஆண்டின் அறிக்கையை நான் தனியாக எழுதுகிறேன். முதல் பத்தி அவள் எழுதும் விதத்திலேயே இருக்கிறது. வெட்டிவிடுவார்கள். தெரிந்தே அனுப்புகிறேன்.