கைதட்டினால் ஒரு கரண்டி

திண்டிவனத்தில் யார் படுத்த படுக்கையானாலும் லூர்துமேரியைத்தான் கூப்பிடுவார்கள். புண் வராமல் புரட்டிப் போடுவாள், தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைப்பாள், ஊட்டுவாள். கூட உட்கார்ந்து அழமாட்டாள். எண்பத்தாறாம் வருஷம் அவளையே திணறடித்தவர் விருத்தாசலம். நாற்பது வருஷம் கட்சி மேடையில் பேசியவர். பக்கவாதம் வந்தபின் பேச்சும் போனது, சோற்றுக்கும் வாய் திறக்கவில்லை. விழுப்புரத்து டாக்டர் ஒரு வாரம் கெடு வைத்தார். அதற்குள் சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய்.

விருத்தாசலத்தின் மருமகள் அம்சா வானூர் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமைத்தவள். ஊருக்குப் போகும்போது அவர் டேப் ரெக்கார்டரை உள்ளே இருந்த கேசட்டோடு கொடுத்துவிட்டார். ஏதோ ராக் இசைக்குழு மேடையில் வாசித்ததை அப்படியே பதிந்த கேசட். படுக்கைப் பக்கத்தில் வைத்து அம்சா அதைப் போட்டாள். தகரக் கொட்டகையில் கல்மழை பெய்தாற்போல் ஒரு பாட்டு. முடிந்ததும் ஆயிரம் பேர் கைதட்டினார்கள். விருத்தாசலம் வாயைத் திறந்தார்.

"சோடாவுக்கு, மேரியம்மா," என்றாள் அம்சா. "ஜனம் கைதட்டிக்கினு இருக்கும்போதுதான் மாமா சோடா குடிப்பாரு."

லூர்துமேரி கஞ்சியை வைத்தாள். இறங்கியது. ஆனால் பாட்டுக்கு ஒரு கரண்டிதான். ஒரு பாட்டு பன்னிரண்டு நிமிஷம். அதற்குள் கஞ்சி ஆறி ஆடை கட்டிவிடும். நாலாம் நாள் கேசட் சிக்கிக்கொண்டது.

பஸ் ஸ்டாண்டு ரிக்கார்டிங் கடை சீனுவாசன் சிக்கெடுத்து, புதுக் கேசட்டில் ஏற்றித் தந்தான். வீட்டில் போட்டால் பாட்டு முடிந்த கையோடு அடுத்த பாட்டு. வாய் திறக்கவில்லை. லூர்துமேரி கடைக்குத் திரும்பிப் போனாள்.

"கைதட்டு எங்கப்பா?"

"அது ஒரே இரைச்சல்மா. எல்லாத்தையும் எடுத்துட்டு சுத்தமா பண்ணிக்கீறேன்."

"பாட்டை எடுத்துடு. இரைச்சலை மட்டும் போடு."

"கேக்க நல்லா இருக்காதும்மா."

"கேக்கறதுக்கு இல்லப்பா, சாப்பிடறதுக்கு."

சீனுவாசன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பழைய கேசட்டை எடுத்தான்.

ஏழாம் நாள் காலை, பதினொரு நிமிஷம் ஓயாத கைதட்டல். கிண்ணம் காலி. பிறகு விருத்தாசலம் நல்ல கையைத் தூக்கிக் கூட்டத்தை அமர்த்தினார். லூர்துமேரி டேப்பை நிறுத்தினாள்.

"பெரியோர்களே," என்றார், குழறலாக. "தாய்மார்களே."

அம்சா அழுதாள். டாக்டர் அனுப்பிய கம்பவுண்டர் மாசிலாமணி குழாயோடு உள்ளே வந்தார். விருத்தாசலம் கையைக் காட்டி அவரை முன்வரிசையில் உட்காரவைத்தார். பேச்சு மத்தியானம்வரை நீண்டது. லூர்துமேரி கடிகாரத்தைப் பார்த்தாள். பேசுகிற வாயில் ஊட்டினால் புரையேறும். ரசம் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மூச்சு வாங்க அவர் நிறுத்திய இடத்தில் பொத்தானை அமுக்கினாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. மாசிலாமணியும் தட்டினார். வாய் திறந்தது.