நின்றுகொண்டே நடத்திய பாடம்

ஆங்கிலத்தில் ‘சிட்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. உட்கார். அந்த பாஷையிலேயே இதைவிடச் சுலபமான சொல் கிடையாது என்று, புதுக்கோட்டையில் டீச்சர்களான எங்களுக்குப் பயிற்சி கொடுத்த அம்மாள் சொன்னார். கிராமத்துப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பிலேயே இங்கிலீஷ் சொல்லித்தரச் சொல்லி உத்தரவு வந்திருந்த சமயம். தமிழில் அர்த்தம் சொல்லக் கூடாது, செய்து காட்டித்தான் புரியவைக்க வேண்டும் என்பது புது முறை. கதவைப் பார்த்து நடந்துகொண்டே ‘ஐ ஆம் வாக்கிங்’ என்று சொல்ல வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ‘ஐ ஆம் சிட்டிங்’ என்று சொல்ல வேண்டும். டீச்சரைப் பார்த்தே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

அந்தச் சொல்லின் சொந்தபந்தங்களையும் அந்த அம்மாள் கரும்பலகையில் எழுதிப் போட்டார். பிள்ளைகளிடம் ‘சிட் டவுன்’. பெரிய மனிதர் வந்தால் ‘ப்ளீஸ் பீ சீட்டட்’. கூட்டத்தைப் பார்த்து ‘டேக் யுவர் சீட்ஸ்’. தரையில் குத்தவைத்தால் ‘ஸ்குவாட்’. நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். இதென்ன பிரமாதம், எங்கள் ஊரில் இல்லாததா? விருந்தாளிக்கு ‘ஒக்காருங்க’, சின்னவனுக்கு ‘ஒக்காரு’, கூலி வாங்க வந்தவருக்கு ‘அங்கிட்டுப் போயிக் குந்து’. யாருக்கு எது என்று எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். மாமனார் எதிரில் மருமகளுக்கு மட்டும் எந்தச் சொல்லும் கிடையாது. அவள் நிற்பாள்.

நான் அன்னவாசல் பக்கம் ஒரு ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். மாமனார் வானம் பார்த்த பூமியில் கடலையும் வரகும் போட்டுப் பிழைத்தவர். தன் கொல்லையில் ஒரு மூலையைப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக்கொடுத்தவர். படித்த பெண்தான் வேண்டும் என்று தேடிப்பிடித்து மகனுக்கு என்னைக் கட்டிவைத்தவரும் அவர்தான். மருமகள் சம்பாத்தியத்தில் சாப்பிடப்போகிறாயா என்று பங்காளிகள் குத்திக்காட்டியபோது, “ஆமா, சாப்புடப்போறேன், ஒங்களுக்கென்ன?” என்று கேட்டு வாயை அடைத்தவர். அவர் இடத்தில் எழுந்த பள்ளிக்கூடத்திலேயே எனக்கு வேலையும் கிடைத்தது. இத்தனை செய்த மனிதர் முன்னால் நான் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. வாசலில் அவர் செருமுகிற சத்தம் கேட்டாலே அரிவாள்மணையை விட்டு எழுந்துவிடுவேன். யாரும் என்னை அதட்டி நிற்கவைக்கவில்லை. கல்யாணமான மறுநாளிலிருந்து நின்றேன், அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

வேலை நிரந்தரமாக வேண்டுமானால் இன்ஸ்பெக்டர் வந்து என் வகுப்பைப் பார்த்துத் திருப்தி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பங்காளிகள் சிரிப்பதை நினைத்தே பல நாள் தூக்கம் வரவில்லை. அவர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் வெறும் வகுப்பறையில் நானே எழுந்து, நடந்து, உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். பாடம் தண்ணீர்பட்ட பாடாக இருந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். தலைமையாசிரியர் நல்ல மனுஷர். அவர் பேரில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். இடம் கொடுத்தவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று நினைத்து, என் மாமனாரையும் வரச்சொல்லி, இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு, என் வகுப்பிலேயே உட்காரவைத்துவிட்டார். வெளுத்த வேட்டியும் தோளில் புதுத் துண்டுமாக மாமனார் உள்ளே வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

நடப்பது நன்றாகப் போயிற்று. கதவைத் திறப்பதும் நன்றாகவே போயிற்று. பிள்ளைகள் கணீரென்று பதில் சொன்னார்கள். மாமனாருக்கு ஒரு எழுத்து இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் முகம் மலர்ந்து பிள்ளைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது நாற்காலி.

நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன். முழங்காலைக் கொஞ்சம் மடக்கினேன். புடவை நாற்காலியில் உரசியிருக்கும், அவ்வளவுதான். “ஐ ஆம் சிட்டிங்” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்துவிட்டேன். பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். மற்ற நாளெல்லாம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து சொல்லுகிற டீச்சர் ஆயிற்றே.

இன்ஸ்பெக்டர் முன்வரிசைப் பெண் ஒருத்தியை எழுப்பி, டீச்சர் என்ன செய்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டார். அவள் நல்ல கெட்டிக்காரி. கண்ணால் பார்த்ததைச் சொன்னாள்.

“டீச்சர் இஸ் ஸ்டாண்டிங், சார்.”

வகுப்பு சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “ஏம்மா, நாற்காலி உடைஞ்சிருக்கா?” என்று தமிழிலேயே கேட்டார்.

இவர் என் மாமனார், இவர் எதிரில் நான் உட்கார மாட்டேன் என்று, இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்த வாயால் எப்படிச் சொல்வது? உட்கார்ந்துவிடலாம் என்றால் உடம்பு கூசியது. உட்காராமல் நின்றாலும் கூசியது. படித்தவள் என்று சொல்லிக்கொள்ளவும் லாயக்கில்லை, மருமகள் என்று சொல்லிக்கொள்ளவும் லாயக்கில்லை என்று பிள்ளைகள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டேன். அப்படி ஒரு அவமானம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

மாமனார் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “மாட்டை அவுத்து விட்டுட்டு வந்தேன், கொல்லைப் பக்கம் பாத்துட்டு வாரேனுங்க” என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். அன்றைக்கு மாடு எங்கள் வீட்டுத் தொழுவத்தில்தான் கட்டிக் கிடந்தது. நான்தான் வைக்கோல் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

நான் உட்கார்ந்தேன். ‘ஐ ஆம் சிட்டிங்’ என்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், தான் கொடுத்த இடத்தில் உச்சி வெயிலில், பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். துண்டைத் தலையில் போட்டிருந்தார். பாடம் முடிகிறவரை திரும்பிப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் திருப்தி என்று சொன்னார். வேலை நிலைத்தது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

சாயங்காலம் வீட்டில் மாமனாருக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவரே முந்திக்கொண்டார்.

“நாற்காலி ஒடஞ்சிருக்கான்னு கேட்டாரு பாரு ஆத்தா, அப்ப எனக்கு வெக்கமாப் போச்சு. ஊருக்கெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு எடம் கொடுத்தவன், வீட்டுப் பிள்ளைய நிக்க வச்சிருக்கேன். இனிமே நான் இருக்கேன்னு நிக்காத. ஒக்காரு.”

பக்கத்தில் கிடந்த பெஞ்சைக் கையால் தட்டியும் காட்டினார். “சரிங்க மாமா” என்றேன். சொம்பை வாங்கிக்கொண்டு நின்றேன். உட்கார வரவில்லை. நான் நிற்பதை அவர் பார்த்தார். பிறகு, கடைப் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாளும் அப்படித்தான். பள்ளி விட்டு நான் படியேறுகிற நேரம் பார்த்துத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். மழைக்காலத்திலும் போனார். வயசாகி முழங்கால் வீங்கிய பிறகும், சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். அவர் தலை மறைந்த பிறகுதான் நான் அந்த பெஞ்சில் உட்காருவேன். திரும்பி வருகிற செருமல் கேட்டதும், எவ்வளவு கால் வலித்தாலும், எழுந்துவிடுவேன்.