மேலாளருக்குப் பின்னால் மூன்று சான்றிதழ்கள்

கணினித் திரையில் என் பழைய மேலாளரின் முகம் தெளிவதற்கு முன்பே, அவருக்குப் பின்னால் மாட்டியிருந்த மூன்று சான்றிதழ்கள் தெரிந்துவிட்டன. தங்க நிறச் சட்டமிட்ட அதே மூன்று. சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் தெப்ராவ் தொழிற்சாலையில் அவை அவருடைய நாற்காலிக்குப் பின்னால் தொங்கின. காணொளிக் கூட்டம் என்றால் நாற்காலியை இப்படியும் அப்படியும் நகர்த்தி, மூன்றும் திரைக்குள் விழுகின்றனவா என்று பார்த்துக்கொள்வார். கூட்டத்தில் என்ன பேசப்போகிறோம் என்று அவர் ஒருநாளும் பார்த்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

நான் அங்கே சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். திட்ட மேலாண்மையில் ஒரு சான்றிதழ் எடுக்கலாமென்று அவரிடமே யோசனை கேட்கப் போனேன். என் புத்தி அப்போது அப்படி. புதிதாக வருபவர்களுக்கென்று தொடக்கநிலைத் தேர்வு ஒன்று உண்டு, அனுபவம் கேட்கமாட்டார்கள். பல ஆண்டுகள் திட்டங்களை முன்னின்று நடத்தியவர்களுக்குப் பெரிய தேர்வு. நடத்தியது உண்மைதானா என்று மேலதிகாரியிடம் கேட்கவும் கூடும். உடம்புக்கு ஏற்ற சட்டையை வாங்குவதுபோலத்தான், இதில் குழம்ப ஒன்றுமில்லை. அவரோ சட்டையின் விலைச்சீட்டை மட்டுமே பார்க்கிற ஆள். “சின்னதெல்லாம் பிள்ளைங்க எடுக்கிறது லா. உனக்கு இங்லீஷ் நல்லா வருது, பெரிசையே எடு. ரெண்டு மூனு புரோஜெக்ட் நடத்தினேன்னு எழுது, நான் சைன் பண்றேன்” என்றார். நடத்தாததை எப்படி எழுதுவது என்று கேட்டேன். பிழைக்கத் தெரியாத பெண் என்று என்மீது இரக்கப்பட்டார். நான் தொடக்கநிலைத் தேர்வையே எழுதித் தேறினேன். அதன்பிறகு அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘சின்ன சர்டிபிகேட்’ என்றுதான் கூப்பிடுவார்.

அதே பிரிவில் பெக்கோக்கிலிருந்து வந்த அண்ணன் ஒருவர் இருந்தார். ரப்பர் பால்மரத் தோட்டத்துப் பிள்ளை. அதற்காக அடக்க ஒடுக்கமானவர் என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மடிப்புக் கலையாத சட்டை, பிரிவு முழுக்கக் கேட்கும் குரல், சிங்கப்பூர் வேலைக்குப் போயே தீருவது என்ற பிடிவாதம். குளுவாங்கில் இருந்த பழைய ஆலையின் இயந்திரங்களைத் தெப்ராவுக்கு மாற்றிய வேலை முழுவதையும் நடத்தியவர் அவர்தான். ஒப்பந்தக்காரர்களோடு மல்லுக்கட்டியது, லோரி வராத அன்று வேறு லோரி பிடித்தது, உற்பத்தி நிற்காமல் பார்த்துக்கொண்டது எல்லாம் அவர். முதல் இயந்திரம் வந்து இறங்கியபோது மேலாளர் படம் எடுத்துக்கொள்ள வந்தார். பாதுகாப்புத் தொப்பியை முன்பின்னாக மாட்டியிருந்தார்.

பெரிய சான்றிதழ் இருந்தால் வேலை தருவதாகச் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று அண்ணனிடம் சொல்லியிருந்தது. தேர்வுக்கு விண்ணப்பித்தார். சில விண்ணப்பங்களை மட்டும் எடுத்துச் சரிபார்ப்பது தேர்வு நடத்துபவர்களின் வழக்கம். இவருடையது அதில் வந்துவிட்டது. மேலாளர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

“நீ எங்க தம்பி லீட் பண்ண? லோரியப் பாத்துக்கிட்ட. லீட் பண்ணது நான். உனக்கு அந்தச் சின்னதே போதும்.”

நான் அங்கேதான் நின்றிருந்தேன். எதையும் நடத்தாத எனக்குக் கையெழுத்துப் போடத் துடித்த கை அது. அண்ணன், “சரிங்க சார்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். அந்தப் பெரிய குரல் அன்றைக்கு எங்கே போயிற்றோ. சிங்கப்பூர் வேலை வேறு யாருக்கோ போனது.

இன்று பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள் நான். ஆளெடுக்கும்போது முதல் நேர்காணல் என் பொறுப்பு. தொழிற்சாலை ஆட்குறைப்பில் வேலையிழந்த மேலாளர், அதற்குத்தான் திரையில் வந்திருந்தார். தமிழ் முகத்தைக் கண்டதும் தமிழுக்கு மாறினார். என்னை அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்தானே நினைவிருக்கும்.

நீங்கள் நடத்திய பெரிய திட்டம் எது என்று கேட்டேன். குளுவாங் ஆலையைத் தெப்ராவுக்கு மாற்றியது என்றார், கொஞ்சமும் கூசாமல்.

“அத யார்கிட்ட கேட்டு உறுதிப்படுத்திக்கலாம் சார்?”

“தாராளமா கேளுங்க லா” என்று சொல்லி, பெக்கோக் அண்ணனின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். “என் டிபார்ட்மெண்ட்ல இருந்தவரு. அவர்தான் கூடவே நின்னு எல்லாத்தையும் நடத்தினாரு. அவருக்குத் தெரியாதது இல்ல.”

நடத்தினாரு. அன்றைக்கு அண்ணன் கேட்டது இந்த ஒரு சொல்லைத்தான்.

அவரையே கேட்கிறோம் சார் என்றேன். இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து திரும்பி, லேசாகச் சாய்ந்திருந்த மூன்றாவது சட்டத்தை நேராக மாட்டினார்.