பூண்டு தேய்த்த கை நடந்த தூரம்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து பூம்பாறைக்குத் திரும்பும்போது, என் வலது மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டி அனுப்பினார்கள். ஆபரேஷன் இடது பக்கம். அந்தக் கை வீங்கும், அதில் எதையும் கட்டக் கூடாதாம். பட்டை என் நடையை எண்ணி போனுக்குச் சொல்லும், போன் மதுரைக்குச் சொல்லும். அங்கே எங்களைப் போன்றவர்களைக் கவனிக்க ஒரு பிசியோதெரபிப் பெண் இருந்தாள். உடம்பு தேற வேண்டுமென்றால் தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

நான் நடக்கவில்லை. தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கும் முன் நெஞ்சைப் பார்த்தார்கள். கணவர் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. மகன் திருப்பூரில். பூண்டுக் காட்டு வேலைக்கும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. வியாபாரி ஒருவர் மட்டும் காய்ந்த பூண்டை மூட்டை மூட்டையாக வீட்டில் இறக்கிவிட்டுப் போவார். உட்கார்ந்த இடத்தில் தண்டை அறுத்து, மண்ணும் தோலும் உதிரத் தேய்த்துக் கொடுப்பேன். நாள் முழுக்க வாய் திறக்க அவசியமே வராது.

முதல் வாரமே மதுரையிலிருந்து போன் வந்தது. திட்டு வாங்கத் தயாராகத்தான் எடுத்தேன்.

"அக்கா, நம்ம குரூப்புல நீங்கதான் ஃபர்ஸ்ட்டு" என்றாள் அந்தப் பெண்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் பூண்டு தேய்க்கும்போது போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கை ஆட ஆட எண் ஏறிக்கொண்டே போனது. குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்தபடியே கொடைக்கானல் வரை போய் வந்திருக்கிறேன்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வியாழக்கிழமைதோறும் அவள் என்னை மெச்சிப் பேசும் அந்த ஐந்து நிமிஷத்தை விட மனமில்லை. சாப்பிட்டேனா, மலையில் குளிர் எப்படி என்றெல்லாம் கேட்பாள். அதற்காகப் புதன்கிழமைகளில் கூடுதலாக ஒரு மூட்டை தேய்த்தேன். வெட்கங்கெட்ட வேலைதான்.

மூன்றாம் மாதம் செக்கப்புக்குப் போனபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு நிமிஷம் நடக்கச் சொன்னார்கள். இரண்டாவது நிமிஷத்திலேயே மூச்சு வாங்கிச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். டாக்டரின் முகம் மாறியது. தினமும் இவ்வளவு நடக்கிறவருக்கு ஏன் இப்படி, நோய் நுரையீரலுக்குப் போய்விட்டதோ என்று ஸ்கேன் எழுதப் பேனாவை எடுத்தார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"நான் நடக்கலைங்க. பூண்டு தேய்ச்சேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்னை வெளியே கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் நீ கூப்பிடமாட்டாய் என்று பயந்தேன் என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவளும் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "நல்லா நடக்குறவங்களுக்குத்தாங்க்கா வாரத்துக்கு ஒரு போன். நடக்காதவங்களை நான் தெனமும்ல கூப்புடுறேன்" என்றாள்.

இப்போதெல்லாம் பூண்டு தேய்க்கும்போது பட்டையைக் கழற்றி வைத்துவிடுகிறேன். காலையில் அவள் கூப்பிட்டதும் போனைக் காதில் வைத்தபடியே கோயில் வரை ஏறி இறங்குகிறேன். யார் எங்கே பார்க்கிறார்கள் என்பதுகூட நினைவில் வருவதில்லை. மூச்சு வாங்குவதும் குறைந்திருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து எனக்கு வாரம் ஒரு போன் போதும் என்று நேற்று சந்தோஷமாகச் சொன்னாள். நானும் சந்தோஷம் என்றுதான் சொன்னேன்.

இன்று நான் நடக்கவில்லை.