மூடி வைத்துவிட்டுச் சொல்

அக்கா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலருக்கு அவர் அண்ணி, சிலருக்குப் பெரியம்மா, பலருக்கு மருத்துவமனையில் உடன் வேலை பார்த்த தாதி. எனக்கோ, ஒரே தேர்வை என்னோடு சேர்ந்து எழுதிய அக்கா.

சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது பிறந்தவர் அவர். நான் பிறந்த பிறகு புக்கிட் பாத்தோக்கிற்குக் குடிபோனோம். அப்பா பேருந்து ஓட்டினார். அம்மா வீட்டையும் சாமியையும் பார்த்துக்கொண்டார்.

அக்கா சோம்பேறி இல்லை. விடியுமுன் எழுந்து புத்தகத்தை விரித்துவிடுவார். மஞ்சள், பச்சை, பிங்க் என்று மை பூசாத வரியே அதில் இருக்காது. அப்படியும் பள்ளி இறுதி ஓ லெவல் தேர்வில் அறிவியலில் தோற்றார். தாதிமைப் படிப்புக்கு அது இல்லாமல் முடியாது. மீண்டும் எழுதிய ஆண்டில் தம்பி நானும் எழுதினேன். அந்த வெட்கத்தில் உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். இந்த முறையும் போனால் படிப்பை விட்டுவிடுவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தார்.

சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் அறிவியல் தாள். மதிப்பெண் ஆசையில் அக்கா எங்கள் இருவரின் புத்தகங்களையும், பழைய வினாத்தாள்களையும், கால்குலேட்டரையும் ஒன்றுவிடாமல் சாமி முன்னால் அடுக்கிச் சந்தனமும் வைத்துவிட்டார். விழுந்து கும்பிட்டு எழுந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

“அம்மா, ஒரே ஒரு புக் மட்டும் எடுத்துக்கறேன்மா.”

“சாமிகிட்ட வெச்சாச்சு. காலைல பூஜை முடிஞ்சுதான் எடுக்கணும்.”

அம்மா சொன்னால் சொன்னதுதான். அழுகிற முகத்தோடு அக்கா என்னை எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த கல்மேசைக்கு இழுத்துப் போனார்.

“புக்தான் சாமிகிட்ட இருக்கு. கேள்வி கேளுடா.”

“இதயத்துல ரத்தம் எப்படிப் போவுது?”

“வலது பக்கம் வந்து… அந்தப் பக்கம் ஃபுல்லா பிங்க் அடிச்சிருப்பேன்…” அதற்கு மேல் வரவில்லை. பக்கத்தின் நிறம் நினைவிருந்தது, பாடம் இல்லை.

“பாத்துப் படிக்கிறப்ப எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான்டா இருந்துச்சு. தெரியலன்னு இப்பதான் தெரியுது.”

“எனக்கும் பாதிதான் வருது லா. மாத்தி மாத்திக் கேப்போம்.”

மாலை முழுவதும் கேட்டோம். மறுநாள் காலை அம்மா புத்தகத்தைக் கொடுத்ததும், தடுமாறிய பக்கங்களை மட்டும் அக்கா திறந்தார். இதயத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. ஆனாலும் தேறினார்.

அதன் பிறகு கலர் மை வாங்கவே இல்லை. ரயிலில் கல்லூரிக்குப் போகும்போது ஒரு நிலையம் வரை படிப்பார், அடுத்த நிலையம் வரை புத்தகத்தை மூடிவிட்டு முணுமுணுப்பார். எதிரே இருப்பவர்கள் மந்திரம் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள். தாதியாகி, திருமணமாகி, தெம்பனிஸில் குடியேறிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பிள்ளைகளிடம் “படிச்சியா?” என்று கேட்டதே கிடையாது, “மூடி வெச்சிட்டுச் சொல்லு” என்பார். என் கல்யாணத்தில் நான் நன்றியுரை பேச எழுந்தபோது கையிலிருந்த தாளைப் பிடுங்கிக்கொண்டார். அன்று நான் உளறியது உங்களுக்கு நினைவிருக்கும்.

நோய் முற்றிய கடைசி வாரங்களில், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அவர் மகள் கட்டிலருகே உட்கார்ந்து பாடம் சொல்வாள். அக்கா கண்ணை மூடியிருப்பார். தூங்கிவிட்டார் என்று ஒருநாள் அவள் நிறுத்தினாள். “ம்… அப்புறம்?” என்றார்.

அக்காவைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகப் பார்த்துக்கொண்ட மருத்துவமனைத் தாதியருக்கும், அலுக்காமல் சமைத்துக் கொண்டுவந்த தெம்பனிஸ் அண்டை வீட்டாருக்கும், உட்லண்ட்ஸிலிருந்து வேலை முடிந்து தினமும் வந்த அத்தானின் தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மலரில் அக்காவின் படங்கள் நிறைய இருக்கின்றன. பார்த்து முடித்ததும் மூடி வைத்துவிடுங்கள். பிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் அக்காவைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்.