ஏழு மணி என்று நம்பி வந்தவர்கள்

நரெல் கொஸ்டிகன் மாதிரி ஒரு பிடிவாதக்காரியை எங்கள் மெல்பர்ன் டிராம் டிப்போவில் நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷம் கூடவே வண்டி ஓட்டியவள் என்கிற உரிமையில் சொல்கிறேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வார்விக் ப்ரூம் என்ற பேரை எடுத்தால் போதும், புத்தி கழன்றுவிடும். பதினாலு வயதில் ரேடியோவில் அவர் எழுதிய பாப் பாட்டைக் கேட்டுப் பிடித்த பித்து அது. பிற்பாடு அவர் இசை நாடகங்களுக்குப் பாட்டெழுதப் போனார். அந்தப் பாட்டுகளையும் ஒன்று விடாமல் மனப்பாடம் செய்தாள்.

அந்த மனுஷனால் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தாள். ஒருதடவை அவர் ரோட்டைக் கடப்பதைப் பார்த்து, வண்டியை நட்டநடுவில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடிக் கைகுலுக்கினாள். இன்னொரு தடவை அவர் பிறந்தநாளுக்கு டிராமின் ஒலிபெருக்கியில் பாடியே விட்டாள். மூன்றாவது கடிதம் வந்தால் வேலை காலி. அவளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை ப்ரூம் இறந்துபோனார். வெள்ளிக்கிழமை, நடிகர்களைத் தயாராகச் சொல்லும் அரைமணி அழைப்பின்போது, அவருடைய நாடகங்கள் நடக்கும் தியேட்டரின் பெயர்ப் பலகை விளக்குகளை ஒரு நிமிஷம் அணைத்து மரியாதை செய்வோம் என்று அறிவித்தார்கள். ஏழரைக்கு நாடகம். அப்படியானால் ஏழு மணி என்று எல்லோரும் கணக்குப் போட்டோம். நரெலுக்கு லீவு கிடைக்கவில்லை. என்னுடைய வண்டி ஆறு ஐம்பத்தொன்பதுக்குத் தியேட்டர் ஸ்டாப்புக்கு வருகிற வண்டி. அந்த ஷிஃப்ட்டை அவளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, அவள் வாங்கிய பூவை மடியில் வைத்துக்கொண்டு நானும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

ஆறு ஐம்பதுக்கு, தியேட்டருக்கு நாலு ஸ்டாப் முன்னால், கறுப்புச் சீருடையில் ஒரு பெண் மூச்சிரைக்க ஏறினாள். அதே தியேட்டரில் டிக்கெட் பார்க்கிறவளாம். பூவைப் பார்த்துவிட்டு, விளக்கணைப்பதற்குத்தான் போகிறோமா என்று கேட்டாள். ஆமாம், ஏழு மணிக்கு என்றேன்.

"ஏழா? நாடகக்காரங்க அரைமணி அழைப்பை முப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடியே கொடுத்துடுவாங்களேம்மா. ஆறு அம்பத்தஞ்சுக்கு அணைச்சுடுவாங்க."

நரெலின் கழுத்து சிவந்துபோனதைப் பின்னாலிருந்து பார்த்தேன். எங்கள் தொழிலில் தாமதமாகப் போனால்கூட மன்னிப்பு உண்டு, முன்கூட்டிப் போனால் கிடையாது. அவள் வேகத்தைக் கூட்டினாள். இரண்டு ஸ்டாப்பில் ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை, அப்படியே தாண்டினாள். ஆறு ஐம்பத்துநாலுக்குத் தியேட்டருக்கு முந்தின ஸ்டாப். ஒருவர் இறங்கினார். பச்சை விளக்கு எரிந்தது. எதிரே தியேட்டர் பலகை ஜொலித்தது.

அப்போது பார்த்து ஒரு கிழவர், வாக்கரைத் தள்ளிக்கொண்டு, அக்குளில் ஒரு பழைய இசைத்தட்டோடு, கையை ஆட்டியபடி ரோட்டைக் கடந்து வந்தார்.

"கதவை மூடுடி, அடுத்த வண்டி ஆறு நிமிஷத்துல வந்துடும்" என்றேன். சொன்னேன்தான், மறைக்கவில்லை.

அவள் பலகையைப் பார்த்தாள். கிழவரைப் பார்த்தாள். கதவு திறந்தே இருந்தது. அவர் வாக்கரை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, அவர் முதுகுக்குப் பின்னால், பலகை இருண்டது. டிக்கெட் பார்க்கிற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏழுக்குள்ள போயிடலாமா?" என்றார் கிழவர்.

"தாராளமா. நல்லா உட்காருங்க, அப்புறம்தான் எடுப்பேன்" என்றாள் நரெல். குரல் பிசிறவே இல்லை. எனக்குத்தான் அழுகை முட்டியது.

ஆறு ஐம்பத்தேழுக்குத் தியேட்டர் வாசலில் நின்றோம். பலகை மறுபடி எரிந்துகொண்டிருந்தது. நாடக ரசிகர்கள் அஞ்சலியை முடித்துவிட்டு உள்ளே போயிருந்தார்கள். வெளியே குளிரில், அப்போதுதான் ரயிலிறங்கி வந்து சேர்ந்த இருநூறு பேர், எல்லாரும் எங்களைப் போன்ற பாப் பாட்டு ஆட்கள், அண்ணாந்து பலகையைப் பார்ப்பதும் மணியைப் பார்ப்பதுமாக நின்றார்கள். முடிந்துபோனது என்று அவர்களிடம் யார் சொல்வது? கிழவரும் இறங்கிப் போய் அவர்களோடு நின்றார்.

ஆறு ஐம்பத்தொன்பது. கிளம்பியாக வேண்டும். அவள் கிளம்பவில்லை. ஏழடித்தது. பலகை எரிந்துகொண்டே இருந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு. ஒருத்தன் தியேட்டர்க்காரர்களைத் திட்ட ஆரம்பித்தான்.

நரெல் டிராமின் முன்விளக்கு, உள்விளக்கு எல்லாவற்றையும் அணைத்தாள்.

கூட்டம் மொத்தமும் திரும்பியது. கிழவர்தான் முதலில் தொப்பியைக் கழற்றினார். பின்னாலிருந்து யாரோ ப்ரூமின் அந்தப் பழைய பாப் பாட்டை எடுத்துக்கொடுக்க, இருநூறு பேரும், வண்டிக்குள் இருந்தவர்களும் பாடினார்கள். அதற்குள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோ அலறியது, வண்டிக்கு என்ன கோளாறு என்று. கோளாறுன்னே சொல்லித் தொலைடி என்று காதோடு கெஞ்சினேன்.

"கோளாறு ஒண்ணுமில்ல. விளக்கை நான்தான் அணைச்சேன்" என்றாள் மைக்கில்.

"பைத்தியமா உனக்கு? உடனே கிளம்பு" என்று கத்தியது ரேடியோ.

"ஒரு நிமிஷம் ஆக இன்னும் இருபது செகண்ட் இருக்கு" என்றாள்.

அந்த இருபது செகண்டும் முழுசாக முடிந்த பிறகுதான் விளக்கைப் போட்டாள். திங்கட்கிழமை மூன்றாவது கடிதத்தைக் கொடுத்து, அவளிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.