பந்தலைத் தாண்டிய பாட்டு

என் கல்யாணத்துக்கு ரேடியோ செட் கட்டியது என் மாமன் மகன். முறைப்படி என்னைக் கட்டியிருக்க வேண்டியவரும் அவர்தான். நானும் அந்த அத்தானைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "குருவிகுளத்துல வானம் பாத்த பூமியை வச்சிக்கிட்டு எம் மகளுக்கு என்னத்தக் கஞ்சி ஊத்துவான்?" என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டு, வாசுதேவநல்லூரில் வயல்காரர் வீட்டுக்கு என்னைப் பேசினார். பெண்ணைக் கொடுக்க மனசில்லை, செட்டு மட்டும் வாடகையில்லாமல் வேண்டுமாம். எங்கள் அப்பாவுக்கு வெட்கம் கொஞ்சம் கம்மி.

அத்தானுக்கு ஊர் குருவிகுளம் என்றாலும், சங்கரன்கோவிலில் அவர் வைத்திருந்த ரேடியோ செட் கடை எங்களுக்கு அடுத்த தெரு. செட்டைச் சோதித்துப் பார்க்கிற சாக்கில் ஒலிபெருக்கிக் குழாயை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பி வைத்து ஒரு பாட்டு ரிக்கார்டு போடுவார். விட்டுப் போனவனை நினைத்து ஒரு பெண் உருகிப் பாடுகிற பாட்டு. கை வேலையை விட்டுவிட்டு நான் நின்றுவிடுவேன்.

முகூர்த்தத்தன்று காலையில், அந்தப் பாட்டை ஒரே ஒரு தடவை போடச் சொல்லித் தங்கச்சியை அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"கல்யாணப் பந்தல்ல அழுகைப் பாட்டு போடக் கூடாதாம். 'ஒங்க அக்கா நல்லா இருக்கணும்லா'ன்னு அத்தான் சொல்லுதாவ."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பெரிய நல்லவர்! தாலி ஏறி, பந்தி முடிகிற வரை சாமி பாட்டும் கும்மாளப் பாட்டுமாகப் போட்டுத் தள்ளினார்.

சாப்பாடு முடிந்து நானும் மாப்பிள்ளையும் வில்வண்டியில் ஏறினோம். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண் அசலூருக்குப் போனால் முறைமாப்பிள்ளை வண்டியை மறிப்பான். மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலையும் வேட்டியும் கொடுத்து வழி கேட்க வேண்டும். பந்தலைத் தாண்டி வண்டி தெருவுக்கு வந்ததும் அத்தான் மாட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

"வழி விடும்வே அண்ணாச்சி, பொழுது சாயுதுல்லா!" என்று கேலி செய்து தட்டை நீட்டினார்கள். அவர் வாங்கிக்கொண்டார்.

"ஒரு பாட்டுப் படிச்சிட்டு விடுதேன்."

அந்தப் பாட்டுதான். அதுவரை அவர் வாயைத் திறந்து பாடி நான் கேட்டதில்லை. சுருதியும் சேரவில்லை, ஒரு மண்ணும் சேரவில்லை. ஆனாலும் கேலி செய்தவர்களெல்லாம் சிரிப்பை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாதியில் சட்டென்று நிறுத்தி, ஒதுங்கி வழிவிட்டார்.

"மறந்துட்டாரோ?" என்றார் பக்கத்திலிருந்த என் கணவர்.

மறக்கவில்லை. ரிக்கார்டில் ஒரு பக்கம் அந்த இடத்தோடு முடியும், மீதிப் பாட்டுக்குத் திருப்பிப் போட வேண்டும். இத்தனை நாள் கேட்ட எனக்குத் தெரியாதா?

"ஆமா" என்றேன்.

வண்டி நகர்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன்.